ஒட்டியதும் கட்டியதும்

“மிஸ், வேஸ்ட்டுல ஏதோ செஞ்சுட்டு வரச் சொன்னீங்களாமே, அதுக்கு என்னென்ன வாங்கணும்?” என்று ஆண்டுதோறும் பெற்றோரில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பது வழக்கம். வடசென்னையில் ஒரு பள்ளியில் 22 ஆண்டுகளாக ஓவியம் கற்பித்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் நான் சிரத்தையாகப் பதில் சொல்லி வந்தேன். ஐஸ் குச்சி ஒரு கட்டு, குளூ கன், அக்ரிலிக் வண்ணம், ஜிகினாத் தூள், சாட்டின் ரிப்பன் என்று சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறேன். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பாரிமுனைச் சந்துகளுக்குப் போய், யாரும் வாய் வைக்காத ஐஸ் குச்சிகளையும் யாரும் தேநீர் குடிக்காத காகிதக் குவளைகளையும் புதிதாக வாங்கி வருவார்கள். பிள்ளைகள் அவற்றை ஒட்டி, வண்ணம் பூசி, ‘கழிவிலிருந்து கலை’ என்ற அட்டையைச் செருகிக் கண்காட்சியில் வைப்பார்கள். நானும் மதிப்பெண் போடுவேன். வாங்கி வந்து செய்யும் பொருளைக் கழிவு என்று எப்படிச் சொல்கிறோம் என்ற கேள்வி எனக்குள் எழுவதற்கே பல ஆண்டுகள் ஆயின. எழுந்த பிறகு அது அடங்கவில்லை.

அது எழுந்த நாளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வரப்போகிறது என்று அரசு அறிவித்திருந்த நேரம். 2018 நவம்பரில் எங்கள் பள்ளியில் பெரிய கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. குளிர்பான பாட்டிலை உடலாகவும் பிளாஸ்டிக் கரண்டிகளைத் தோகையாகவும் வைத்து, மேலே நீல வண்ணம் தெளித்து ஜமிக்கி ஒட்டிய மயில் ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்தோம். தண்ணீர் பாட்டில்களின் அடிப்பாகத்தைப் பூவாக வெட்டி வெள்ளிப் பூச்சுப் பூசிய சரவிளக்கு, பழைய சிடிகளை உடைத்து ஒட்டிய பூச்சாடி, தெர்மாகோலில் செதுக்கிய நேப்பியர் பாலம் என்று கூடமே மின்னியது. பிள்ளைகள் உண்மையாகவே உழைத்திருந்தார்கள். விரலைச் சுட்டுக்கொள்ளாமல் குளூ கன்னை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அன்று நான் மிகவும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் அது பொய் என்று தோன்றவில்லை. அதனால்தான் பிறகு நடந்தது அவ்வளவு வலித்தது.

கண்காட்சி முடிந்து பத்து நாள் ஆகியும் பாதிப் பிள்ளைகள் தங்கள் படைப்புகளை எடுத்துப் போகவில்லை. வீட்டில் வைக்க இடமில்லை என்று பெற்றோரே சொல்லிவிட்டார்கள். ஒண்டுக்குடித்தனங்களிலிருந்து வரும் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூடம் தேர்வுக்குத் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் பள்ளிக்குப் பின்தெருவிலிருக்கும் காயலான் கடையில் போட்டு, வரும் காசில் நல்ல தூரிகைகள் வாங்கலாம் என்று நினைத்தேன். கழிவு கலையாகி, கலை மறுபடி தூரிகையாவதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை காலை, மீன்பாடி வண்டி ஒன்றில் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு நானும் பின்னாலேயே நடந்து போனேன்.

அண்ணாச்சியின் தராசு

அந்தக் கடையை நான் தினமும் கடந்து போகிறவள்தான். உள்ளே நின்று பார்த்தது அன்றுதான் முதல் முறை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குவியலாகத் தெரியும் இடம், உள்ளே நின்றால் ஓர் அகராதியைப் போல ஒழுங்காக இருந்தது. பால் கவர் ஒரு சாக்கு, தண்ணீர் பாட்டில் ஒரு சாக்கு, அதன் மூடி வேறொரு சாக்கு. ஷாம்பு புட்டிகளும் பினாயில் கேன்களும் தனி. அட்டைப்பெட்டி தட்டையாக மடித்துக் கட்டியது தனி, நோட்டுப் புத்தகம் தனி, செய்தித்தாள் தனி. தகரம், இரும்பு, எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, செம்பு எல்லாம் விலையின் வரிசையில் வாசலிலிருந்து உள்ளே போகப் போக. செம்பு, கடைக்காரர் அண்ணாச்சியின் நாற்காலிக்குக் கீழே இருந்தது. ஓர் அம்மாள் தரையில் உட்கார்ந்து பாட்டில்களின் மூடியைத் திருகி ஒரு பக்கமும் பாட்டிலை மறுபக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் பொருளைப் பார்க்கவே இல்லை, கைதான் பார்த்தது. பிளாஸ்டிக்கை லேசாக நெருக்குவார், அது எழுப்பும் ஓசையிலேயே எந்தச் சாக்குக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

அண்ணாச்சி வண்டியிலிருந்து மயிலை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோகையிலிருந்து ஒரு கரண்டியை இழுத்துப் பார்த்தார். அது வராமல் உடைந்தது. கத்தியால் பாட்டிலின் மேலிருந்த வண்ணத்தைச் சுரண்டினார். வண்ணம் சுருண்டு வந்ததே தவிர, அடியிலிருந்த பசை வரவில்லை. அவர் முகத்தில் கேலி ஏதுமில்லை. உண்மையிலேயே அதை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று தேடினார். பிறகு அதைப் பத்திரமாக வண்டியில் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது பாட்டிலா வந்திருந்தா எடுத்திருப்பேன். கரண்டியா வந்திருந்தாகூட ஒரு சாக்குல போட்டிருப்பேன். இப்ப இது ரெண்டும் இல்லையே.”

சரவிளக்கையும் அப்படியே திருப்பி வைத்தார். சிடி பூச்சாடி, ஜிகினா தூவிய அட்டைகள், வண்ணம் பூசிய காகிதக் குவளைகள் எல்லாமே திரும்ப வண்டிக்கே போயின. தெர்மாகோலை அவர் கையால் தொடவும் இல்லை. ஏறத்தாழ வண்டி முழுவதையும் பார்த்து முடித்த பிறகு, அடியில் கிடந்த ஒரு சிறிய சைக்கிளை எடுத்தார். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் செய்தது. அவனுடைய தந்தை எலக்ட்ரீசியன். வேலைக்குப் போன வீடுகளில் மாற்றிப் போட்ட பழைய ஒயர்களின் மேலுறையைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளிருந்த செம்புக் கம்பியை முறுக்கி முறுக்கியே சக்கரம், மிதிகட்டை, கைப்பிடி எல்லாம் செய்திருந்தான். எங்கும் பசை இல்லை. குளூ கன் வாங்க அவனிடம் காசு இருந்திருக்காது. வண்ணமும் பூசாததால் மேசையில் அது எடுபடவில்லை. ஆறுதல் பரிசுகூட நாங்கள் கொடுக்கவில்லை. அண்ணாச்சி அதைத் தராசில் வைத்தார். “இருநூறு கிராம் செம்பு தேறும். அப்படியே பிரிச்சுக்கலாம்” என்றார். வண்டியில் வந்த அத்தனை படைப்புகளில் அவருடைய தராசு ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். நான் அதை விற்கவில்லை. எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அந்த மாணவனிடம் கொடுத்தபோது, “நீங்களே வெச்சுக்கோங்க மிஸ்” என்றான். இதை எழுதும்போது என் மேசையில்தான் அது நிற்கிறது.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்காரர் “எங்கம்மா கொட்டுறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் தெருமுனையில் மாநகராட்சியின் பெரிய தொட்டியில் போட்டோம். முதல் பரிசு பெற்ற மயில், தோகை மேலே தெரியும்படி அதில் நின்றது. அங்கிருந்து அது கொடுங்கையூர்தான் போயிருக்கும். இந்த நகரம் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பையை வெளியேற்றுகிறது. அந்தப் பெரிய கணக்கில் எங்கள் வண்டி ஒரு துளியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வண்டியில் ஏறும்வரை, அதாவது நாங்கள் கலை செய்யத் தொடங்கும்வரை, அந்தப் பாட்டில்களுக்கு ஒரு விலையும் போகுமிடமும் இருந்தன. அவை இரண்டையும் இல்லாமல் ஆக்கியது நாங்கள்.

விலை உள்ளதைக் குப்பை என்று சொன்னோம்

பிறகு ஓய்ந்த நேரங்களில் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் படிக்கவும் செய்தேன். தண்ணீர் பாட்டிலும் அதன் மூடியும் வெவ்வேறு இன பிளாஸ்டிக்குகள். அரவை ஆலையில் இரண்டையும் சேர்த்துத் துண்டாக்கித் தொட்டி நீரில் போட்டால் மூடியின் துண்டுகள் மிதக்கும், பாட்டிலின் துண்டுகள் மூழ்கும். இவ்வளவு எளிய வழியில் பிரியக்கூடியவை அவை. பாட்டிலை உருக்க 250 பாகை செல்சியசை ஒட்டிய சூடு வேண்டும். அந்த உருக்கில் பிவிசி என்ற வேறோர் இன பிளாஸ்டிக் சிறிதளவு கலந்துவிட்டாலும் அது கருகி அமிலத்தைக் கக்கி, மொத்தத்தையும் பழுப்பேற்றிக் கெடுத்துவிடும். ஜமிக்கியும் அதுபோன்ற மின்னும் பொருட்களும் பலவேளை அந்த பிவிசியில் செய்தவையே. ஆக, ஒரு பிடி ஜமிக்கியை ஒட்டும்போது நாங்கள் அந்தப் பாட்டிலை மட்டும் கெடுக்கவில்லை; தப்பித்தவறி அது ஆலைவரை போயிருந்தால் கூட வந்த பாட்டில்களையும் கெடுத்திருக்கும். அண்ணாச்சியின் கத்தி தேடிய விடை அதுதான்.

இன்னொன்றும் உறைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக இருபது, இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ தேற நாற்பது பாட்டிலுக்குக் குறையாமல் குனிந்து நிமிர்ந்து பொறுக்க வேண்டும். பேசின் பாலத்தின் பக்கம் விடியற்காலையில் சாக்கோடு நடக்கும் பெண்களுக்கு அது அன்றைய அரிசி. நாங்கள் ‘உபயோகமில்லாதது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பொருளைத்தான் அவர்கள் நாள் முழுதும் தேடுகிறார்கள். பிள்ளைகளில் சிலருடைய தாய்மார்களே அந்த வேலை செய்கிறவர்கள். அவர்கள் முன்னால் நின்று பாட்டிலைக் குப்பை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. குப்பை என்பது பொருளின் குணம் அல்ல. அதை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்த சொல் அது.

நம் வீடுகளுக்கு இது புதிய பாடமும் இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டியின் மணியோசை என் வயதுக்காரர்களுக்கு இன்றும் காதில் இருக்கும். என் பாட்டி பழைய செய்தித்தாள்களைக் கிழித்து மூன்று நாள் ஊறவைப்பார். தினமும் நீரை மாற்றுவார். ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்பார். வெண்ணெய் போல ஆன கூழைக் கவிழ்த்து வைத்த குடத்தின் மேல் விரல் கனத்துக்கு அப்பி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவிட்டு, குடத்தை மெல்ல உருவி எடுத்தால் கூடை. அதில் மஞ்சள் கலந்து பூசுவார். பருப்பும் மிளகாயும் போட்டு வைப்பார். வெந்தயத்தின் பிசுக்கே பசை, அதன் கசப்பே பூச்சிக்கு மருந்து. பத்து வருடம் உழைத்த பிறகு கூடை விண்டுபோனால், அதை மறுபடி ஊறவைத்து அரைத்து இன்னொரு கூடை செய்வார். காகிதம் அதுவரையிலும் காகிதமாகவே இருந்தது. இதைச் சொல்லும்போது பசையே கூடாது என்பதல்ல என் வாதம். பொருளின் இனத்தோடு இணங்கும் பசை வேறு, அதை வேறொன்றாக்கிவிடும் பசை வேறு.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது உடைந்த கண்ணாடி வளையல்களைச் சேர்த்து வைப்போம். மெழுகுவத்திச் சுடரில் ஒரு வளையல் துண்டைக் காட்டினால் முதலில் கரி படியும். பிறகு நடுவில் செக்கச் சிவந்து தளரும். அந்த நொடியில் இரண்டு முனைகளையும் அழுத்தினால் வளைந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இன்னொரு துண்டை நுழைத்து மறுபடி சுடரில் காட்ட வேண்டும். இப்படிக் கோத்துக் கோத்து வாசல் நிலைக்குத் தோரணம் செய்வோம். காற்றில் அது எழுப்பும் ஓசையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. யாரும் அதைக் கைவினை என்றோ மறுசுழற்சி என்றோ சொன்னதில்லை. உடைந்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு வீட்டில் எப்போதும் ஒரு விடை இருந்தது, அவ்வளவுதான்.

சிற்பி நண்பரோடு ஒரு வழக்கு

இதையெல்லாம் எழும்பூரில் ஒரு தேநீர்க் கடையில் என் பழைய வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொட்டினேன். பெரியமேட்டு அரசு கவின்கலைக் கல்லூரியில் நானும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் இரும்புச் சிற்பங்கள் செய்கிறவர். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் கடைகளில் கியர் சக்கரமும் சங்கிலியும் எடை போட்டு வாங்கி, பற்றவைத்துச் சிற்பமாக்குவார். அவர் என் பேச்சை ஏற்கவில்லை. கலைஞனின் கடமை பார்ப்பவன் மனத்தில் ஏதோ ஒன்றை எழுப்புவது. செய்ததைத் திரும்பக் காயலான் கடையில் விற்க முடியுமா என்று பார்ப்பது மாநகராட்சியின் கடமை. பிள்ளைகள் மனத்தில் குற்றவுணர்வை ஏற்றினால் அவர்கள் கை கூசிப்போய் ஒன்றுமே செய்ய மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தன் வேலையைப் பற்றிச் சொல்லும்போது அவரே ஒன்றைச் சொன்னார். பற்றவைத்த பிறகும் இரும்பு இரும்புதான். சிற்பம் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே எடைக்குப் போடலாம். அந்தத் துணிவில்தான் பெரிதாகச் செய்ய முடிகிறது என்றார். நான் சொல்ல வந்ததும் அதுதான் என்றேன். அவர் சிரிக்காமல் யோசித்தார்.

அன்று அவர் பிக்காசோவை நினைவுபடுத்தினார். 1942இல் ஒரு பழைய சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து ‘காளையின் தலை’ செய்தவர் பிக்காசோ. கல்லூரியில் எங்களுக்குக் காட்டிய முதல் படங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தலை ஒருநாள் குப்பைமேட்டில் கிடந்து, யாரோ ஒருவன் அதைப் பார்த்து ‘என் சைக்கிளுக்குக் கைப்பிடி ஆகுமே’ என்று எடுத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற பொருளில் பிக்காசோவே பேசியிருக்கிறார். மாணவியாக இருந்தபோது அதை ஒரு மேதையின் குறும்பு என்று கடந்துவிட்டேன். அண்ணாச்சியின் தராசில் அந்தச் செம்புச் சைக்கிளைப் பார்த்த பிறகு, அது ஒரு பெரிய நெறியாகத் தெரிகிறது. காளை ஆனபோதும் சைக்கிள் சாகவில்லை. இரண்டும் ஒரே பொருளில் ஒன்றையொன்று கொல்லாமல் இருக்கின்றன. பார்ப்பவன் மகிழ்வதற்கும் அதுவே காரணம். இருக்கையின் மேல் ரோமம் ஒட்டி வண்ணம் பூசியிருந்தால் அது வெறும் காளைப் பொம்மை ஆகியிருக்கும்.

கானாவில் பிறந்து நைஜீரியாவின் இன்சுக்காவில் வாழ்ந்து பணிசெய்த சிற்பி எல் அனட்சுயி, மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டிப் பெருந்துணிகளைப் போன்ற படைப்புகளைச் செய்கிறார். 2015இல் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது பெற்றவர். தொலைவிலிருந்து பார்த்தால் தங்க ஜரிகை போட்ட பட்டு போலத் தெரியும். அருகில் போனால் மூடியில் அச்சிட்ட மதுவின் பெயரைப் படிக்கலாம். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த பண்டங்களில் மதுவும் ஒன்று என்ற வரலாறு அந்த மூடிகளிலேயே இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான மூடிகளை ஒரு வாளிப் பசையில் ஒட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அது துணியாகத் தொங்கி மடிந்திருக்காது, பலகையாக விறைத்திருக்கும். கட்டியதால்தான் ஒவ்வொரு சுவரிலும் அது வெவ்வேறாக விழுகிறது. பொருளை மதித்ததும் அழகு வந்ததும் ஒரே முடிச்சில் நடந்தவை என்று நண்பரிடம் வாதிட்டேன். இந்த இடத்தில் அவர் ஒப்புக்கொண்டார்.

தில்லியில் 2019இல் திறந்த பூங்காவில் உலகப் புகழ்பெற்ற ஏழு சின்னங்களைச் சுமார் 150 டன் பழைய உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மனம் முழுதாக ஒட்டவில்லை. உலோகம் உலோகமாகவே இருக்கிறது என்பதில் குறையில்லை. ஆனால் தாஜ்மகாலை எதில் செய்தாலும் தாஜ்மகால்தான் தெரியும். வண்டியின் அச்சும் தெருவிளக்கின் கம்பமும் தெரிவதில்லை.

பிரிக்க முடிகிற பாய்

அடுத்த கல்வியாண்டில் வகுப்பில் ஒரு விதி வைத்தேன். காயலான் கடை எடுத்துக்கொள்ளும் பொருளில் ஏதாவது செய்தால், அதைப் பிரித்துத் திரும்பக் கடையில் போடும்படி செய்ய வேண்டும். ஒட்டக் கூடாது; கட்டலாம், முடையலாம், கோக்கலாம், செருகலாம், மடிக்கலாம். முதல் ஆண்டு படுதோல்வி. கட்டியதெல்லாம் அவிழ்ந்தது, செருகியதெல்லாம் கழன்றது. முடிச்சுப் போடவே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நான் காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவியின் தந்தையை அழைத்து வந்தேன். வலை முடையும் ஊசியோடு வந்து, ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு முடிச்சுகள் கற்றுக்கொடுத்தார். நான் 22 ஆண்டுகளில் எடுத்த எந்த வகுப்பிலும் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

அதன் பிறகு பிள்ளைகள் செய்தவை அவிழாமல் நின்றன. அவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தெருவில் வீடு வீடாகப் போய் ஆவின் பால் கவர்களைக் கேட்டு வாங்கி, கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, விரலளவு கீற்றுகளாக வெட்டி, நீளவாக்கில் மடித்துப் பாய் முடைந்தாள். முழுவதும் நீலக் கவர். குறுக்கே ஓரிடத்தில் மட்டும் ஆரஞ்சுக் கவரில் ஒரு கோடு. அதிகாலையில் காசிமேட்டில் தெரியும் கடல் என்றாள். மூன்று மாத வேலை. கண்காட்சி முடிந்ததும் எல்லோரும் பிரித்துச் சாக்கில் போட்டபோது அவள் மட்டும் பாயைச் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் பிரிக்க மாட்டேன் மிஸ்” என்று அழுதாள். என் விதியின் கடுமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரிக்க முடிய வேண்டும் என்பது வேறு. பிரித்தே ஆக வேண்டும் என்பது வேறு. பிக்காசோவும் தன் காளையைத் திரும்பச் சைக்கிளாக்கிவிடவில்லையே! அவளை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னேன். பாட்டி அதன் மேல் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார் என்று பிறகு வந்து சொன்னாள்.

அப்படியானால் கடை எடுத்துக்கொள்ளாத பொருட்களை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. சிப்ஸ் உறை, பிளக்ஸ் பேனர், தெர்மாகோல், உடைந்த பீங்கான், உடைந்த டைல், உடைந்த வளையல். உண்மையில் குப்பை என்று சொல்லத் தகுந்தவை இவைதான். கலைஞன் முதலில் கை வைக்க வேண்டியதும் இவற்றின் மேல்தான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த் அதைத்தான் செய்தார். புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளையும் உடைந்த பீங்கானையும் வளையல்களையும் சைக்கிளில் சுமந்து, 1957இலிருந்து காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்து வந்தார். 1976இல் அது பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் எல்லாவற்றையும் சிமென்டில் பதித்தார். எதையும் பிரிக்க முடியாது. பிரித்து எடுத்தால் வாங்க ஆளும் கிடையாது. எனவே அவை நிலைத்திருப்பதே பொருத்தம். என் விதியின் மறுபாதியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

போன ஆண்டு பள்ளியின் விளையாட்டுத் திடலை ஒட்டிய சுற்றுச்சுவரில் நாற்பது அடி நீளத்துக்குச் சிமென்ட் பூசி, பிள்ளைகளோடு பதிக்கத் தொடங்கினோம். டைல்ஸ் கடையில் உடைசல்களைச் சும்மா கொடுத்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து விளிம்பு போன தட்டும் வளையல் துண்டுகளும் கொண்டுவந்தார்கள். கூர்முனைகளைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்குவது பெரிய பிள்ளைகளின் பொறுப்பு. இரண்டாம் வாரம் அண்ணாச்சி ஒரு சாக்கைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். திறந்து பார்த்தால் பழைய வீடுகளின் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், நூறுக்கு மேல். உள்ளிருந்த செம்பையும் பித்தளையையும் அவர் கழற்றி எடுத்துவிட்டார். “பித்தளை எனக்கு ஆச்சு, கட்டை எனக்கு ஆகாது. உங்களுக்கு ஆகுமான்னு அண்ணாச்சி கேட்டு வரச் சொன்னார்” என்றார் அந்தத் தம்பி. பால் நிறத்தில் சதுரமாக, நடுவில் திருகாணித் துளைகளோடு இருந்த அவற்றை அடுக்கிப் பிள்ளைகள் சுவரின் அடியில் ஒரு ரயிலை ஓடவிட்டார்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கும் பெரம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயில் இல்லாமல் படம் இல்லை.

அம்மா இறந்த பிறகு அவருடைய காபிக் கோப்பை ஒன்றை வைத்திருந்தேன். வெள்ளைப் பீங்கானில் சிறு நீலப் பூ. அலமாரியைத் துடைக்கும்போது கைதவறி உடைந்துவிட்டது. பிடி இருந்த பக்கம் மட்டும் முழுதாக நின்றது. அதையும் எடுத்துப் போனேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதை வாங்கி, நான் நினைத்ததுபோலப் பூ தெரியத் தட்டையாகப் பதிக்காமல், பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தன் தோளுயரத்தில் பதித்தான். ஏன் என்று கேட்டேன். “பிடிக்கிறதுக்குத்தானே மிஸ்” என்றான். இப்போது விளையாட்டு வகுப்பு மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். முதலில் வருகிறவர் தன் அடையாள அட்டையைக் கழற்றி அந்தப் பிடியில் மாட்டிவிட்டுத் திடலுக்குள் ஓடுகிறார்.